46 எங்கே தொலைகிறது?

தேனி அரவிந்த் கண் மருத்துவமனையில் இருக்கும் டாக்டர், ஊர்ப்புறப் பார்வை மையத்தில் இருக்கும் நோயாளியைத் திரையில் பார்த்துப் பேசும் ஏற்பாடு 2006-லேயே நம் மாவட்டத்துக்கு வந்துவிட்டது. கலிஃபோர்னியாவின் பெர்க்லி பல்கலைக்கழக ஆய்வாளர்களும் இன்டெல் ஆய்வாளர்களும் சேர்ந்து முதலில் ஐந்து மையங்களை இணைத்தார்கள். எல்லாமே வைஃபை. அதற்கு முந்தைய ஆண்டுதான் 2.4 கிகாஹெர்ட்ஸ் அலைவரிசையை உரிமம் இல்லாமல் பயன்படுத்த மத்திய அரசு வழிவிட்டிருந்தது.

வைஃபை அறைக்குள் பேசப் பிறந்தது. ஒரு தகவல் பொட்டலம் அனுப்பினால் ‘வந்தது’ என்று பதில் வரும்வரை காத்திருக்கும். பல கிலோமீட்டர் தள்ளி இருந்தால் பதில் வருவதற்குள் பொறுமை இழந்து மறுபடி அனுப்பும். இரு முனைகளும் ஒரே நேரத்தில் பேசி மோதிக்கொள்ளும். பெர்க்லிக்காரர்கள் அந்த வழக்கத்தை மாற்றி, இந்த முனைக்குக் கொஞ்ச நேரம், அந்த முனைக்குக் கொஞ்ச நேரம் என்று முறை வைத்தார்கள். ‘வந்தது’ என்ற பதிலையும் மொத்தமாகச் சேர்த்து அனுப்பினார்கள்.

கம்பம், சின்னமனூர் பக்கம் ஆஸ்பத்திரி, கல்லூரிகளுக்கு நெட்வொர்க் போடுவது என் பிழைப்பு. ஒரே கட்டடத்துக்குள் எனக்கு வரும் தலைவலியும் முறை சம்பந்தப்பட்டதுதான்: யார் முதலில் போவது?

“தம்பி, வார்டு போன்ல டாக்டர் பேசுறது பாதிதான் கேக்குது. லைனை இன்னும் வேகமாப் போட்டு விடுங்களேன்” என்பார் நர்ஸ் அக்கா. முதலாளியும் பணம் கட்டி வேகத்தைக் கூட்டுவார். பேச்சு உடைவது நிற்காது. ஒரு போன் பேச்சுக்கு நொடிக்கு நூறு கிலோபிட் போதும். அது கேட்பது தாமதம் இல்லாத பாதை. பேச்சை நொடிக்கு 50 பொட்டலமாக நறுக்கி அனுப்புகிறோம். வாயில் புறப்பட்டது 150 மில்லிநொடிக்குள் காதில் விழுந்தால் உரையாடல் இயல்பாக இருக்கும் என்பது சர்வதேசத் தொலைத்தொடர்பு ஒன்றியத்தின் அளவு. ஸ்கேன் படம் ஒரு நொடி பிந்தினால் யாருக்கும் தெரியாது. குரல் பிந்தினால் செத்தது.

அதனால் ஒவ்வொரு பொட்டலத்தின் தலைப்பிலும் 0 முதல் 63 வரை ஓர் எண் எழுத இடம் வைத்திருக்கிறார்கள். குரலுக்கு வழக்கமான எண் 46. ‘என்னை முதலில் விடு’ என்று அர்த்தம்.

எழுதினால் போதுமா? முல்லைப் பெரியாற்றிலிருந்து ஜூனில் தண்ணீர் திறக்கும்போது ‘பாசனத்துக்கு 200 கனஅடி, குடிநீருக்கு 100 கனஅடி’ என்று அறிவிப்பு வருவது நமக்குப் பழக்கம். கீழே ஒவ்வொரு மடையிலும் அதை மதித்தால்தான் குடிநீர் குடிநீராகப் போய்ச் சேரும். இந்த 46-உம் அப்படித்தான்.

அது தொலையும் இடங்கள் மூன்று. முதலாவது, கேபிள்களை இணைக்கும் நெட்வொர்க் சுவிட்ச். வருகிற எண்ணை நம்பாதே என்று அமைத்திருந்தால் 46-ஐ அழித்து 0 ஆக்கிவிடும். இரண்டாவது, வைஃபை பெட்டிக்கும், அந்தப் பெட்டிகளை மேய்க்கும் கன்ட்ரோலருக்கும் நடுவே. பெரிய நெட்வொர்க்குகளில் பொட்டலத்தை இன்னொரு உறைக்குள் போட்டு அனுப்புவது உண்டு. உள்ளே இருக்கும் எண்ணை உறைமேலும் எழுதாவிட்டால் வழியில் யாருக்கும் தெரியாது.

மூன்றாவது காற்று. வைஃபையில் குரல், வீடியோ, சாதாரணம், பின்னணி என்று நான்கு வரிசைகள். 2005-இல் வந்த 802.11இ தரம் தந்தவை. பேசும் முன் ஒவ்வொரு கருவியும் குருட்டாம்போக்கில் ஓர் எண்ணை எடுத்து அவ்வளவு நேரம் காத்திருக்கும். குரலுக்கு 0 முதல் 3, வீடியோவுக்கு 7 வரை, சாதாரணத்துக்கு 15 வரை. ஆனால் எந்த வரிசை என்று குறிக்க வைஃபையில் இருப்பவை எட்டே எட்டு எண்கள். பல கருவிகள் 46-ஐ இரும எண்ணாக்கி (101110) முதல் மூன்று இலக்கத்தை மட்டும் எடுத்துக்கொள்ளும். 101 என்றால் 5. ஐந்து வீடியோ வரிசை. குரலுக்கு 6 வேண்டும். இப்படிக் குரல் ஒரு படி இறங்குவதைத் தடுக்கத்தான் 2018 பிப்ரவரியில் ஆர்எஃப்சி 8325 என்ற இணையத் தர ஆவணம் வந்தது.

இன்னொன்று. வைஃபை பெட்டி போனுக்கு அனுப்புவதைத்தான் பெட்டியால் வரிசைப்படுத்த முடியும். போன் அனுப்புவதற்குப் போனே எண் எழுத வேண்டும். எதிர்முனையில் இருப்பவர் பேசுவது நமக்குத் தெளிவாகக் கேட்டு, நாம் பேசுவது அங்கே உடைந்தால் முதல் சந்தேகம் நம் போன்மேல்தான். எல்லாவற்றுக்கும் 46 போட்டுவிடலாமே என்பவர்களும் உண்டு. எல்லாரும் முதல் வரிசை என்றால் வரிசையே இல்லை.

அடுத்த முறை யாராவது வேகத்தைக் கூட்டச் சொன்னால், பணம் கட்டும் முன் ஒரு வேலை கொடுங்கள். பெரிய ஃபைல் ஒன்று காப்பி ஆகும்போதே போனில் பேசி, வழியில் ஒவ்வொரு பெட்டியிலும் பொட்டலத்தைப் பிடித்து 46 இருக்கிறதா என்று காட்டச் சொல்லுங்கள். அது காணாமல் போகிற பெட்டியில் அமைப்பை மாற்றினால் பெரும்பாலும் வேலை முடிந்தது. அதற்கு மாத வாடகை கிடையாது.