வாசல்படி போனால் பேச்சும் போகுமா?

அடுத்த வீட்டில் இருப்பவர் யார் என்றே தெரியாமல் பத்து ஆண்டுகள் வாழ முடியுமா? மும்பையில் முடியும். அதே மும்பையில், பக்கத்து அறையில் இன்று என்ன குழம்பு என்பது மாடி முழுவதும் தெரிந்து விடுவதும் உண்டு. ஆட்கள் ஒரே மாதிரி ஆட்கள்தான். கட்டடம்தான் வேறு!

ஒர்லி, நய்காவ், என்.எம்.ஜோஷி மார்க், சிவ்ரி ஆகிய 4 இடங்களில் 1920-களில் வெள்ளைக்கார அரசு கட்டிய பி.டி.டி. சால்கள் மொத்தம் 207. தரைத் தளமும் 3 மாடிகளும் கொண்டவை. பெரும்பாலும் ஒரு கட்டடத்துக்கு 80 அறைகள்; மாடிக்கு 20. நடுவே ஒரு நீண்ட நடை. இரு பக்கமும் எதிர் எதிராக அறைகள். கழிப்பிடம் பொது. ஒரு அறை 160 சதுர அடி.

160 சதுர அடியில் ஒரு குடும்பம் அடங்குமா? அடங்காது. அதனால் வாழ்க்கை நடைக்கு வழிந்தது. பிள்ளைகள் படிப்பதும், பெண்கள் அரிசி புடைப்பதும், இரவு ஷிப்டு முடிந்து வந்தவர் பாயை விரிப்பதும் அங்கேதான். காற்றுக்காகக் கதவு திறந்தே கிடக்கும். அந்த நடையைத் தாண்டாமல் யாரும் வேலைக்குப் போக முடியாது.

கழிப்பிட வரிசையில் நிற்பது சுகம் என்று யாரும் சொல்ல மாட்டார்கள். காலைச் சண்டை பிறப்பதே அங்கேதான். வம்புக்கும் பஞ்சம் இல்லை. கடன்காரர் வந்தால் மாடியே எட்டிப் பார்க்கும். ஆனால் தனியாக இருக்கும் பெரியவரின் கதவு ஒருநாள் காலையில் திறக்கவில்லை என்றால், ஒன்பது மணிக்குள் யாராவது தட்டி விடுவார்கள்.

தாராவித் தமிழர்களுக்கு இதை விளக்க வேண்டியது இல்லை. அங்கே நடை இல்லை, சந்து இருக்கிறது. வாசல்படியில் உட்கார்ந்தால் எதிர்வீட்டுப் படி காலில் இடிக்கும். தைப்பொங்கல் அன்று அந்தச் சந்துகளிலும் தெருக்களிலும் பெண்கள் வரிசையாக அடுப்பு மூட்டிப் பானை வைப்பது மும்பை முழுவதும் பிரசித்தம்.

சில அடி தூரம் மனிதர்களை எப்படிச் சேர்க்கிறது, பிரிக்கிறது என்பதை அமெரிக்காவில் ஒரு பல்கலைக்கழகக் குடியிருப்பில் கணக்கு எடுத்தே பார்த்து இருக்கிறார்கள். 1950-ல் அது புத்தகமாக வந்தது. அடுத்த வீட்டாரில் 100-க்கு 41 பேர் நண்பர்களாகக் குறிப்பிடப்பட்டனர். அதே மாடியின் மறுகோடி வீட்டாரில் 10 பேர்தான். இத்தனைக்கும் இரண்டு கோடிக்கும் இடையே 100 அடிகூட இல்லை!

இப்போது சால்கள் இடிந்து கோபுரங்கள் எழுகின்றன. 2025 ஆகஸ்டில் ஒர்லியில் 556 குடும்பங்களுக்கு 40 மாடிக் கட்டடங்களில் 500 சதுர அடி வீட்டின் சாவிகள் வழங்கப்பட்டன. சொந்தக் கழிப்பறை, லிப்டு, தனி சமையல் அறை. நூறு ஆண்டு வரிசைக்கு ஒரு முடிவு. இதைக் குறை சொல்பவர் வரிசையில் நின்றவராக இருக்க முடியாது.

ஆனால் லிப்டில் ஏறுகிறவர் நேரே தன் மாடியில் இறங்குகிறார். நடுவில் எத்தனை வாசல் இருந்தாலும் ஒன்றையும் கடப்பது இல்லை. கூட ஏறும் நாலு பேரும் எண் பலகையையே பார்க்கிறார்கள். இதில் நஷ்டம் அலுவலகம் போகிறவருக்கு அல்ல; அவருக்கு ரயில் பெட்டியில் சிநேகிதம் இருக்கிறது. பகல் முழுவதும் வீட்டில் இருக்கும் பாட்டிக்கும், பிள்ளையை யாரிடம் விட்டுவிட்டுக் கடைக்குப் போவது என்று தவிக்கும் தாய்க்கும்தான். சில அடுக்குமாடிகளில் கிரில் கதவு போட்டு, உள்கதவைத் திறந்து வைத்துச் சமாளிக்கிறார்கள்.

தாராவி மறுசீரமைப்பில், தகுதி பெற்ற குடும்பங்களுக்கு 350 சதுர அடி வீடு என்று அறிவிக்கப்பட்டு உள்ளது. கூட்டங்களில் சதுர அடிக் கணக்கைத்தான் எல்லாரும் கேட்கிறார்கள். நடை எத்தனை அடி அகலம், அதில் வெளிச்சம் வருமா, லிப்டு அருகே இரண்டு பேர் உட்காரத் திண்ணை உண்டா, பொங்கல் பானை வைக்கத் தரையில் இடம் எங்கே? வரைபடம் முடிவாகும் முன்பே குடியிருப்போர் சங்கங்கள் இவற்றையும் எழுதிக் கேட்கலாம்.