பென்சில் கரியில் தடையற்ற மின்னோட்டம்



திருவனந்தபுரத்தில் குடியேறி வாழும் தமிழர் பலர் அறியாத செய்தி ஒன்று உண்டு. அம்மாவட்டத்துப் பாறைகளில் கிராஃபைட் எனும் பென்சில் கரி கலந்துள்ளது. வெள்ளநாட்டுப் பகுதியில் முன்னாளில் அதனைத் தோண்டியும் எடுத்தனர். இன்று உலகெங்கும் ஆய்வுக்குரியதாய் விளங்குவது இந்தக் கரியே.

கிராஃபைட், ஓலைச்சுவடி போல ஏட்டின்மேல் ஏடாக அமைந்தது. ஒவ்வோர் ஏட்டிலும் கரி அணுக்கள் அறுகோணங்களாய் இறுகப் பிணைந்திருக்கும். ஏடுகளுக்கு இடையேயுள்ள பற்றோ தளர்ந்தது. பென்சில் தாளில் எளிதாய்த் தேய்வது அதனாலேயே. 2004இல் மான்செஸ்டரில் கைமும் நோவோசெலோவும் ஒட்டுநாடாவைக் கொண்டு ஒற்றை ஏட்டைப் பிரித்தெடுத்தனர். அதுவே கிராஃபீன். 2010இல் அவர்கள் நோபல் பரிசு பெற்றனர்.

மின்கம்பியில் செல்லும் எலெக்ட்ரான்கள் தடையுற்று ஆற்றலை இழக்கின்றன, கம்பி சூடேறுகிறது. 1911இல் ஹாலந்து நாட்டு அறிஞர் காமர்லிங் ஓனஸ், பாதரசத்தைச் சுழிக்குக் கீழ் 269 பாகை சென்டிகிரேடு அளவுக்குக் குளிர்வித்தபோது அத்தடை அறவே மறைந்தது. இதனை மீக்கடத்தல் என்பர். அந்நிலையில் எலெக்ட்ரான்கள் இணை இணையாகச் சேர்ந்து தடையின்றிச் செல்கின்றன.

கரி ஏட்டிலும் இது நிகழுமா? எலெக்ட்ரான்கள் இணைவதற்கான நாட்டம் அதில் உள்ளுறைந்துள்ளது என்ற கருத்தைச் சென்னைக் கணித அறிவியல் நிறுவனத்து அறிஞர் கணபதி பாஸ்கரன் 2002இல் வெளியிட்டார். எலெக்ட்ரான்களின் எண்ணிக்கையைத் தக்கவாறு மாற்றினால் கிராஃபீன் மீக்கடத்தியாகக் கூடும் என 2010இல் சந்தீப் பாதக், விஜய் ஷெனாய் ஆகியோருடன் சேர்ந்து கணக்கிட்டும் காட்டினார்.

2018இல் அமெரிக்காவின் மாசசூசெட்ஸ் தொழில்நுட்பக் கழகத்தில் பாப்லோ ஹரீயோ-எரேரோ குழுவினர் வேறொரு வழி கண்டனர். ஓர் ஏட்டின்மேல் மற்றோர் ஏட்டை ஏறத்தாழ 1.1 பாகை திருப்பி வைத்தனர். இரண்டு கொசுவலைத் துணிகளை ஒன்றன்மேல் ஒன்றாக இட்டுச் சற்றே திருப்பினால் புதியதொரு பெருங்கோலம் தோன்றுமன்றோ? அணுக்களிடையேயும் அவ்வாறே தோன்றியது. அக்கோலத்தினுள் எலெக்ட்ரான்களின் வேகம் தணிந்தது, ஒன்றன் விசையை மற்றொன்று வலுவாய் உணர்ந்தது, மின்தடை மறைந்தது. அவை இணையும் விதம் குறித்து அறிஞரிடையே ஒருமித்த முடிவு இன்னும் ஏற்படவில்லை.

மின்நிலையத்திலிருந்து இல்லம் வரும் வழியில் வீணாகும் மின்சாரத்தை நினைத்தால் இக்கண்டுபிடிப்பின் அருமை புலப்படும். ஆயினும் இது சுழிக்குக் கீழ் ஏறத்தாழ 271 பாகைக் கடுங்குளிரில் மட்டுமே நிகழ்ந்தது. எனவே நாளையே நம் தெருவுக்குக் கரிக்கம்பி வருமென எதிர்பார்த்தல் தகாது. எலெக்ட்ரான்கள் இணையும் காரணம் தெளிவானால், அத்துணைக் குளிர் வேண்டாத பொருள்களைத் தேடும் நெறி புலனாகக் கூடும். இவ்வாராய்ச்சியின் பெரும்பயன் அதுவே.