மேசைப்பந்து: ஒரு மணி நேரத்தின் வரவு செலவு

2022 ஆகஸ்ட் 8 அன்று, பர்மிங்காம் காமன்வெல்த் விளையாட்டுப் போட்டியின் மேசைப்பந்து ஆடவர் ஒற்றையர் இறுதி ஆட்டத்தில் சென்னையின் சரத் கமல் இங்கிலாந்தின் லியாம் பிட்ச்ஃபோர்டை 4-1 என்ற கணக்கில் வென்றார். கேம் வாரியாக 11-13, 11-7, 11-2, 11-6, 11-8. கூட்டினால் 55க்கு 36, மொத்தம் 91 புள்ளிகள். தங்கம் வென்றவரே 39.6 விழுக்காடு புள்ளிகளை விட்டுக்கொடுத்திருக்கிறார். ஒரு பந்து தவறியதும் பேட்டைத் திருப்பித் திருப்பிப் பார்க்கும் கிளப் ஆட்டக்காரருக்கு இந்த 36 கொஞ்சம் ஆறுதல் தரலாம்.

அந்த 91 புள்ளிகளும் 91 சர்வீஸ்களில் தொடங்கின. ஆளுக்கு ஏறக்குறைய 45 சர்வீஸ், 45 ரிசீவ். நீண்ட டாப்ஸ்பின் பரிமாற்றம் ஒரு புள்ளியில் வரும், அடுத்த நான்கில் வராமலும் போகும். ஆனால் நம்முடைய சர்வீஸோ ரிசீவோ இல்லாத புள்ளி ஒன்றுகூடக் கிடையாது. பங்கு 100 விழுக்காடு. நான் பார்த்த கிளப்களில் பயிற்சி நேரம் வேறு விதமாகச் செலவாகிறது. முதலில் ஃபோர்ஹேண்டுக்கு ஃபோர்ஹேண்ட், பிறகு சற்று பேக்ஹேண்ட், மீதி நேரம் கேம். 60 நிமிடங்களில் சர்வீஸுக்கென்று தனியாக ஒதுக்குவது பெரும்பாலும் 0 நிமிடம்.

2001 செப்டம்பரில் ஒரு கேம் 21 புள்ளிகளிலிருந்து 11 புள்ளிகளாகச் சுருங்கியது. தொடர்ந்து போடும் சர்வீஸும் 5லிருந்து 2 ஆனது. முன்பு ஒரு புள்ளி என்பது கேமுக்குத் தேவையானதில் 4.8 விழுக்காடு; இப்போது 9.1 விழுக்காடு. ஒரு கேமில் இரண்டு சர்வீஸை நெட்டில் அடித்தால், எதிராளிக்கு வேண்டியதில் 18.2 விழுக்காட்டை அவர் கை அசைக்காமலே கொடுத்துவிடுகிறோம். பழைய முறையில் அதே தவறின் விலை 9.5 விழுக்காடு.

சர்வீஸின்போது பந்து உள்ளங்கையை விட்டு குறைந்தது 16 செ.மீ. மேலே போக வேண்டும் என்பது விதி. பள்ளிப் பையன் பென்சில் பெட்டியில் வைத்திருக்கும் ஸ்கேல் 15 செ.மீ.; அதைவிட 1 செ.மீ. கூடுதல். நெட்டின் உயரம் 15.25 செ.மீ. என்பதால், நெட் உயரத்துக்குச் சற்று மேல் என்று கண்ணில் வைத்துக்கொள்ளலாம். விரித்த உள்ளங்கையில் பந்தை அசையாமல் நிறுத்தி, நண்பரை அந்த ஸ்கேலைப் பக்கத்தில் பிடிக்கச் சொல்லிப் பாருங்கள்: பந்து ஸ்கேலின் முனையைத் தாண்டாதவர்கள் நிறைய இருப்பார்கள். விதி ஒருபுறம் இருக்க, நேரக் கணக்கும் இருக்கிறது. 16 செ.மீ. உயர்ந்து அதே இடத்துக்குத் திரும்பப் பந்துக்கு 0.36 வினாடி ஆகும், 30 செ.மீ. உயர்ந்தால் 0.49 வினாடி. கூடுதல் 0.13 வினாடிதான், ஆனால் அது 37 விழுக்காடு. மணிக்கட்டைத் தளர்த்தி, இடுப்பைத் திருப்பி, பந்தின் அடிப்பாகத்தைப் பார்த்து உரசுவதற்கு ஆரம்ப நிலையில் இருப்பவருக்குக் கிடைக்கும் அவகாசம் அவ்வளவே.

ஒரே பந்தை வைத்து ஆடும் மணி நேரத்தைக் கணக்கிடலாம். ஒரு ரேலி 6 வினாடி, பெஞ்சுக்கு அடியில் ஓடிய பந்தை எடுத்து வர 9 வினாடி என்று வைத்துக்கொள்வோம். சுற்றுக்கு 15 வினாடி. மணிக்கு 240 ரேலிகள். உண்மையில் ஆடியது 24 நிமிடம். கையெட்டும் தூரத்தில் ஒரு தட்டில் 50 பந்துகள் இருந்தால் அடுத்த பந்தை எடுக்க 3 வினாடி போதும். 50 ரேலிக்கு 7.5 நிமிடம், எல்லாவற்றையும் பொறுக்க 2.5 நிமிடம், ஆக 10 நிமிடம். மணிக்கு 300 ரேலிகள், ஆட்டம் 30 நிமிடம். ஆட்களும் அவர்களே, மேசையும் அதே. கூடியது 25 விழுக்காடு.

ஒருவர் பந்துகளை வரிசையாக ஊட்ட, மற்றவர் மட்டும் அடிக்கும் மல்டிபால் முறையில் வேறுபாடு இன்னும் பெரிது. 1.5 வினாடிக்கு ஒரு பந்து என்றால் 100 பந்துகள் 2.5 நிமிடத்தில் தீரும். பொறுக்க இன்னொரு 2.5 நிமிடம். மணிக்கு 1,200 அடிகள், இருவரும் மாறி மாறி நின்றால் ஆளுக்கு 600. பந்து ஒன்று 2.7 கிராம், 100 பந்துகள் 270 கிராம், அதாவது கால் கிலோவும் 20 கிராமும். தூக்கி வரக் கனக்கும் என்று யாரும் சொல்ல முடியாது.

விலை கடைக்குக் கடை மாறும் என்பதால் கணக்குக்காக மட்டும் சில தொகைகள்: பயிற்சிப் பந்து 20 ரூபாய், ரப்பர் ஒரு பக்கத்துக்கு 3,000 ரூபாய். 100 பந்துக்கு 2,000 ரூபாய்; இரு பக்க ரப்பருக்கு 6,000 ரூபாய். ரப்பர் 100 மணி நேரம் உழைத்தால் மணிக்கு 60 ரூபாய். அதை 1,500 ரூபாய் ரப்பராக மாற்றினால் மணிக்கு 30 ரூபாய்; மிச்சப்படும் 3,000 ரூபாயில் 150 பந்துகள் வாங்கலாம். பசை உட்பட ரப்பரின் தடிமன் 4 மி.மீ.க்கு மேல் போக விதி இடம் தருவதில்லை. விலை உயர்வதற்கு அப்படி ஒரு வரம்பு இல்லை.

2000இல் பந்தின் விட்டம் 38 மி.மீ.யிலிருந்து 40 மி.மீ. ஆனது, எடை 2.5 கிராமிலிருந்து 2.7 கிராம். எடை 8 விழுக்காடு கூடியதாகத் தோன்றினாலும், உள்ளே வெற்றான கோளத்தின் சுழல்தடை எடையோடு ஆரத்தின் வர்க்கத்தையும் பொறுத்தது என்பதால் அது சுமார் 20 விழுக்காடு கூடுகிறது. அதே உரசலுக்குக் கிடைக்கும் சுழற்சி ஏறக்குறைய 12 விழுக்காடு குறைகிறது. கல்லூரியில் 38 மி.மீ. பந்தில் ஆடி, பல ஆண்டு கழித்து மறுபடி பேட்டைத் தொடுபவர்கள் சுழற்சிக் குறைவை முழுக்க வயதின் கணக்கில் எழுதிவிட வேண்டாம்.

இடத்தைப் பற்றி அதிகம் சொல்ல இல்லை. பெரிய போட்டிகளில் ஒரு மேசைக்கு 14 மீ. × 7 மீ., 98 சதுர மீட்டர். சுமார் 1,055 சதுர அடி, நடுத்தர ஃபிளாட் ஒன்றின் அளவு. 6 மீ. நீள அறையில் 2.74 மீ. மேசையைப் போட்டால் முன்னும் பின்னும் 1.63 மீ. மிஞ்சும். மேசையை விட்டு விலகி நின்று டாப்ஸ்பின் அடிக்க அது போதாது, சர்வீஸுக்குத் தாராளம்.

எதிர்ப் பாதி 1.37 மீ. × 1.525 மீ., அதாவது 2.09 சதுர மீட்டர். அதன் மூலையில் ஒரு ஏ4 தாளை வைத்தால் அது அடைப்பது 0.062 சதுர மீட்டர், 3 விழுக்காடு. தட்டில் 50 பந்து, சர்வீஸுக்கு 6 வினாடி, இரண்டு தட்டு: பொறுக்குவதையும் சேர்த்து 15 நிமிடத்தில் 100 சர்வீஸ். தாளில் விழுந்தவற்றை எண்ணி நோட்டில் எழுத வேண்டும். குறியே இல்லாமல் பாதி முழுவதும் சமமாகச் சிதறினாலும் 100க்கு 3 அதில் விழும். அதனால் 3 என்ற எண்ணுக்கு மதிப்பு இல்லை. 12 விழுந்தால் அது நான்கு மடங்கு. அதே 12ஐப் பார்த்து 88 தவறிவிட்டதாக நோட்டை மூடிவைப்பவர்களும் உண்டு.