குறைக்க வேண்டியது விரயத்தை!

தொழிற்சாலையில் விற்காத சரக்கு குவிந்து கிடந்தால், உள்ளே நுழையும் எவரும் அதைக் கண்டுகொள்ள முடியும். மென்பொருள் நிறுவனங்களிலும் சரக்கு தேங்குகிறது. ஆனால், அது கண்ணுக்குத் தெரிவதில்லை. பாதி எழுதப்பட்ட நிரல்களாகவும், சோதனைக்காகக் காத்திருக்கும் பகுதிகளாகவும், எவரும் கேட்காத வசதிகளாகவும் அது கணினிக்குள் உறங்குகிறது. அதற்குச் செலவிட்ட ஊதியமும் காலமும் பொருளாதார நோக்கில் முடங்கிய மூலதனமே.

இந்தத் தேக்கத்தைக் களைவதற்கான வழியை மென்பொருள் துறை, மோட்டார் வாகனத் துறையிடமிருந்து கற்றுக்கொண்டது. இரண்டாம் உலகப் போருக்குப் பின் ஜப்பானின் டொயோட்டா நிறுவனத்திடம் பெரும் மூலதனமும் இல்லை. பரந்த சந்தையும் இல்லை. அமெரிக்க ஆலைகளைப்போல ஒரே வகைக் காரை லட்சக்கணக்கில் தயாரித்து அடுக்கிவைக்க அதனால் இயலாது. அந்நிறுவனப் பொறியாளர் தாயிச்சி ஓனோவுக்கு அமெரிக்கப் பல்பொருள் அங்காடிகளின் நடைமுறை வழிகாட்டியது. வாடிக்கையாளர் எடுத்துச் சென்ற அளவுக்கே அங்கே அலமாரி மீண்டும் நிரப்பப்படும். அதுபோல, அடுத்த நிலையில் இருப்பவர் கேட்கும்போது மட்டுமே முந்தைய நிலையில் இருப்பவர் உதிரிபாகத்தைத் தர வேண்டும் என்று அவர் வகுத்தார். அவ்வாறு கேட்பதற்குப் பயன்பட்ட அட்டையே 'கன்பான்'.

டொயோட்டா குழுமத்தின் முன்னோடியான சாகிச்சி டொயோடா, நூல் அறுந்தால் தானே நின்றுவிடும் தறியை உருவாக்கியவர். அந்தக் கருத்தும் கார் ஆலைக்கு வந்தது. குறையைக் காணும் தொழிலாளி, உற்பத்தி வரிசையையே நிறுத்தலாம். குறையுள்ள பொருளை அடுத்தவருக்குத் தள்ளிவிடுவதைவிட வேலை நிற்பது மேல் என்பது அதன் பொருள்.

ஓனோ ஏழு வகை விரயங்களைப் பட்டியலிட்டார். தேவைக்கு மிஞ்சிய உற்பத்தி, காத்திருப்பு, வீண் போக்குவரத்து, தேவையற்ற செயல்முறை, மிகுதியான இருப்பு, வீண் அசைவு, குறைபாடுள்ள பொருள் ஆகியவையே அவை. இம்முறைக்கு 'லீன்' என்ற பெயரை 1988-இல் ஜான் கிராஃப்சிக் வழங்கினார்.

மென்பொருள் துறையிலோ, தேவைகள் அனைத்தையும் முதலிலேயே எழுதி, பிறகு வடிவமைத்து, நிரல் எழுதி, இறுதியில் சோதிக்கும் முறை நெடுங்காலம் கோலோச்சியது. வாடிக்கையாளரின் கைக்குப் போய்ச் சேர்வதற்குள் அவரது தேவையே மாறிவிடும். இதற்கு மாற்றாக, 2001 பிப்ரவரியில் அமெரிக்காவின் யூட்டா மாநிலத்தில் கூடிய 17 வல்லுநர்கள் 'அஜைல்' பிரகடனத்தை வெளியிட்டனர். சிறு சிறு பகுதிகளாகச் செய்து, அடிக்கடி ஒப்படைத்து, கருத்தறிந்து திருத்துவதே அதன் சாரம். மேரி பாப்பென்டீக், டாம் பாப்பென்டீக் தம்பதியர் 2003-இல் வெளியிட்ட நூல், லீன் கோட்பாடுகளை இம்முறையுடன் இணைத்தது.

இந்த இணைப்பின் பயனை ஓர் எளிய கணக்கால் உணரலாம். நிலுவையில் உள்ள வேலைகளின் எண்ணிக்கையை, முடிக்கும் வேகத்தால் வகுத்தால், ஒரு வேலை முடிய ஆகும் சராசரிக் காலம் கிடைக்கும். 1961-இல் ஜான் லிட்டில் நிறுவிய விதி இது. வாரம் ஐந்து வேலைகளை முடிக்கும் குழு ஒரே நேரத்தில் நாற்பது வேலைகளைக் கையில் வைத்திருந்தால், ஒவ்வொன்றும் முடிய சராசரியாக எட்டு வாரங்கள் ஆகும். பதினைந்தை மட்டும் கையில் எடுத்தால் மூன்று வாரங்கள் போதும். எவரும் கூடுதலாக உழைக்கவில்லை. காத்திருப்பு மட்டுமே குறைந்தது.

'முடிவை இயன்றவரை தாமதமாக எடு' என்பது மற்றொரு கோட்பாடு. இது சோம்பலுக்கான அனுமதி அன்று. திரும்பப் பெற முடியாத முடிவை, போதிய தகவல் கிடைக்கும்வரை ஒத்திவைப்பதற்கு ஒரு மதிப்பு உண்டு என்பது பொருளியல் அறிந்த உண்மை.

ஆனால், நடைமுறையில் லீன் என்ற சொல் பெரும்பாலும் ஆள்குறைப்பின் மறுபெயராகிவிட்டது. பத்துப் பேர் வேலையை ஆறு பேர் தலையில் சுமத்துவது சிக்கனமாகக் கருதப்படுகிறது. வாகனங்களால் முழுவதும் நிரம்பிய சாலையில் எதுவும் நகராது. அதேபோல, ஒவ்வொருவரின் ஒவ்வொரு மணி நேரமும் நிரப்பப்பட்ட குழுவில் வேலைகள் வரிசையில் தேங்கும், குறைகள் பெருகும்.

டொயோட்டாவின் வரலாறே இதற்குப் பாடம். 1950-இல் நிதி நெருக்கடியில் அந்நிறுவனம் பெருமளவில் தொழிலாளர்களை வெளியேற்ற நேர்ந்தது. வேலைநிறுத்தம் மூண்டது, தலைவர் கீச்சிரோ டொயோடா பொறுப்பேற்றுப் பதவி விலகினார். 1962-இல் நிர்வாகமும் தொழிற்சங்கமும் பரஸ்பர நம்பிக்கையை அடிப்படையாகக் கொண்ட கூட்டறிக்கையில் கையொப்பமிட்டன. காரணம் எளிது. தான் சுட்டிக்காட்டும் விரயம் தன் வேலையையே பறிக்கும் என்றால், எந்தத் தொழிலாளி வாய் திறப்பார்?

சென்னையிலும் கோவையிலும் மென்பொருள் துறையில் பணியாற்றும் நம் இளைஞர்களுக்கு இக்கேள்வி அயலானதன்று. அயல்நாட்டு வாடிக்கையாளரிடம் ஆள்கணக்கிலும் மணிக்கணக்கிலும் கட்டணம் பெறும் ஒப்பந்தங்கள் இங்கு நெடுங்காலமாக உள்ளன. அத்தகைய ஒப்பந்தத்தில் விரயம் குறைந்தால் நிறுவனத்தின் வருவாயும் குறையும். தினமும் காலையில் நின்றபடி கூட்டம் நடத்துவதாலும், சுவரில் வண்ண அட்டைகளை ஒட்டுவதாலும் மட்டும் இந்த முரண் தீர்ந்துவிடாது.

எனவே, மாற்றம் ஒப்பந்தத்திலிருந்தே தொடங்க வேண்டும். உழைத்த மணிகளுக்கு அல்லாமல், ஒப்படைத்த பயனுக்கு விலை பேச வேண்டும். கையில் உள்ள வேலைகளுக்கு வரம்பு வேண்டும். குறை கண்டால் வேலையை நிறுத்தும் உரிமை இளநிலைப் பொறியாளருக்கும் வேண்டும். மிச்சமாகும் காலம் பணிநீக்கத்துக்குக் காரணமாகாது, கற்றலுக்கும் புதிய பணிகளுக்கும் பயன்படும் என்ற உறுதியும் வேண்டும். அந்த உறுதியைத் தராத நிர்வாகம், விரயத்தைப் பற்றிய உண்மையைத் தன் ஊழியர்களிடமிருந்து ஒருபோதும் கேட்டறிய முடியாது.

கட்டுரையாளர்:
பொருளாதாரப் பேராசிரியர் (ஓய்வு).