தொதவ மலை ஏறிய பாதிரியார்

கோயம்புத்தூரில் நின்று வடமேற்கே நோக்கின் நீலகிரி தோன்றும். கோடையில் குளிர்காய்ந்து திரும்பும் இடமாகவே நாம் அதனை நினைக்கின்றோம். ஆயின் நம் ஜில்லாக் கலெக்டர் சல்லிவன் துரை 1819-ல் அங்கு ஏறுவதற்கு இருநூறாண்டுகளுக்கு முன்னரே, மேற்குப் புறமாக ஓர் இத்தாலியப் பாதிரியார் அம்மலை ஏறினார்.

அவர் இயேசு சபையினரான ஜாக்கோமே பெனிசியோ என்பார், கப்புவா நகரத்தார். தோமையார் வழிவந்த பழங்கிறிஸ்தவர் சிலர் குருமாரின்றி மலைமேல் வாழ்கின்றனர் என்றொரு வதந்தி மலையாள நாட்டில் உலவிற்று. உண்மை ஆய்ந்துவர 1603-ல் கள்ளிக்கோட்டையினின்றும் புறப்பட்டார். அடர்ந்த காடு, செங்குத்தான ஏற்றம், மேலே கடுங்குளிர். சாலை என்பதே அக்காலத்தில் இல்லை.

ஏறிச் சென்று கண்டவரோ எருமை மேய்க்கும் தொதவர். சிலுவையுமில்லை, வேதமுமில்லை. அவர்தம் பூசாரியோடு உரையாடினார். பெண்டிர்க்கு முகக்கண்ணாடியும் நூலும் ஈந்தார். வழிவருத்தம் சின்னாளில் ஆறும். தாம் நாடிச் சென்றோர் அங்கில்லை என்று மேலோர்க்கு எழுதுவதே அரிது என்போம் நாம். கண்டேன் என்று அவர் கூறியிருப்பின், மலையேறி மறுப்பார் யார்? அவரோ கண்டதையே எழுதினார்.

தொதவரைப் பற்றி ஐரோப்பியர் எழுதியவற்றுள் நாமறிந்த மிகப் பழைய குறிப்பு அக்கடிதமே. ரிவர்ஸ் என்னும் ஆங்கில அறிஞர் 1906-ல் தொதவரைப் பற்றி வெளியிட்ட நூலில் அதன் மொழிபெயர்ப்பைச் சேர்த்துள்ளார்.