கதாநாயகன் ஒரு சாப்பாட்டு மேசை நாற்காலி!

ஸ்டென்ட் வைத்தோ பைபாஸ் முடிந்தோ வீடு திரும்பிய தாத்தா தன் வீட்டுக் கூடத்தில். பயிற்சி தருபவர் பல மைல் தள்ளி, மருத்துவமனைத் திரை முன்னால். கொரோனா காலத்தில் அமெரிக்காவில் வேகமெடுத்த வீடியோ வழி இதய மறுவாழ்வுப் பயிற்சி இது. திரைக்குப் பின்னால் எட்டிப் பார்க்கலாம், வாங்க!

பயிற்சிக்கு முன்னால் நடப்பதே அவ்வளவு சுவாரஸ்யம். முதல் கேள்வி: "இப்போ எங்கே இருக்கீங்க? முகவரி சொல்லுங்க." மகள் வீட்டுக்குப் போயிருக்கலாமே! நெஞ்சு வலித்தால் ஆம்புலன்ஸ் சரியான வாசலுக்குப் போக வேண்டாமா? அடுத்து கேமரா. முகம் மட்டும் போதாது, பாதமும் தெரியணும். காலில் தட்டும் விரிப்பைச் சுருட்டியாச்சா? நாய் அடுத்த அறைக்குப் போயாச்சா? சக்கரம் இல்லாத நாற்காலி சுவரை ஒட்டி வந்துவிட்டதா? இரத்த அழுத்தம் பார்த்தாச்சா? ஆரம்பம்!

உட்கார்ந்து எழுகிறார் தாத்தா. நாடித்துடிப்பை மட்டும் நம்ப முடியாது. பீட்டா பிளாக்கர் மாத்திரை அதை அதிகம் ஏறவிடாது. அதனால், "எவ்வளவு சிரமமா இருக்கு, எண்ணில் சொல்லுங்க" என்கிறார்கள். ஸ்வீடனின் உளவியலாளர் குன்னார் போர்க் தந்த அளவுகோல் இது. 6இல் தொடங்கி 20இல் முடியும். ஏன் தெரியுமா? பத்தால் பெருக்கிப் பாருங்கள்: 60, 200. ஓய்விலும் உச்ச உழைப்பிலும் ஆரோக்கியமான இளைஞரின் இதயத்துடிப்பு ஏறக்குறைய அதுதான்! "பன்னிரண்டு", அதாவது அளவான சிரமம், என்று தாத்தா சொன்னால் இந்தப் பக்கம் ஒரே சந்தோஷம். பேரன் பேத்தி பற்றிப் பயிற்சியாளர் விசாரித்துக்கொண்டே இருப்பது வெறும் அரட்டை இல்லை. மூச்சு வாங்காமல் பதில் வருகிறதா என்ற பரிசோதனை அது!

இதயத்துக்கும் நாற்காலிக்கும் பழைய உறவு உண்டு. மாரடைப்பு வந்தவரை வாரக்கணக்கில் அசையாமல் படுக்க வைத்த காலத்தில், பாஸ்டனின் சாமுவேல் லெவினும் பெர்னார்ட் லோனும் அவர்களை எழுப்பி நாற்காலியில் உட்கார வைத்தார்கள். 1952இல் அதை எழுதியும் வெளியிட்டார்கள். என்ன துணிச்சல்!

அமெரிக்காவில் முதியோருக்கான அரசுக் காப்பீடான மெடிகேர், இதய மறுவாழ்வுப் பயிற்சிக்குப் பொதுவாக 36 அமர்வுகள்வரை செலவின் பெரும்பகுதியை ஏற்கிறது. ஆனாலும் 2016இல் தகுதியுள்ள முதியோரில் ஏறக்குறைய நாலில் ஒருவர்தான் அந்தப் பயிற்சியில் சேர்ந்தார். தூரம், வண்டி ஓட்ட ஆளில்லாமை என்று தடைகள் ஏராளம். வீடியோ உடைப்பது அந்தத் தடைகளைத்தான். வீட்டில் செய்யும் பயிற்சி, மையத்துக்குப் போய்ச் செய்வதற்கு ஏறக்குறைய இணையான பலன் தருகிறது என்று ஆய்வுகள் சொல்கின்றன.

உங்கள் வீட்டுப் பெரியவர் இதய சிகிச்சை முடிந்து டிஸ்சார்ஜ் ஆகும்போது, மருந்துச் சீட்டோடு கிளம்பிவிடாதீர்கள். "மறுவாழ்வுப் பயிற்சி எப்போது தொடங்கலாம், வீட்டிலிருந்தே செய்ய முடியுமா?" என்று மருத்துவரிடம் கட்டாயம் கேளுங்கள்.