துடுப்பில் காது வைத்துக் கேட்பது

"பாரன் தீவில் எரிமலை வெடித்துவிட்டதாமே, இங்கே சுனாமி வருமா?" என்று மட்டக்களப்பு, கல்லடியிலிருந்து ஒரு வாசகி எழுதியிருந்தார். 2025 செப்டெம்பர் 13ஆம், 20ஆம் திகதிகளில் அந்தமான் கடலில் அந்தத் தீவு சிறிதாகக் குமுறியது உண்மை. அவருக்கு வாட்ஸ்அப்பில் வந்த செய்தியிலோ சிவப்பு எழுத்து, ஓடும் மக்கள், கரும்புகை மலை.

வராது. பாரன் தீவு மட்டக்களப்பிலிருந்து ஏறத்தாழ 1400 கிலோமீற்றர் தூரத்தில், கடல்மட்டத்துக்கு மேல் 350 மீற்றர் அளவே எழுந்து நிற்கும் மலை. ஒன்றரை நூற்றாண்டு உறங்கி 1991இல் விழித்தது. அன்றிலிருந்து தன் வாயைச் சுற்றிச் சாம்பலும் கற்களும் எறிந்துகொண்டு விட்டுவிட்டுக் கனல்கிறது. நடுவே அந்தமான் நிக்கோபார் தீவுத்தொடர் கரைகட்டி நிற்கிறது. 2004 சுனாமியில் கல்லடிப் பக்கத்து நாவலடியிலும் திருச்செந்தூரிலும் பிள்ளைகளைப் பறிகொடுத்தவர்கள் இன்னும் அதே கரையில் இருக்கிறார்கள். அவர்களுடைய கைபேசிக்கு இப்படி ஒரு செய்தியை அனுப்புவது கொடுமை.

எரிமலை நமக்கு அந்நியம் என்றும் சொல்வதற்கில்லை. 1883 ஓகஸ்ட் 27இல் இந்தோனேசியாவின் கிரக்கத்தோவா வெடித்தபோது 36,000க்கும் மேற்பட்டோர் மாண்டனர். 3000 கிலோமீற்றர் தாண்டி வந்த அதன் அலை, நம் கிழக்குக் கரையில் பாணமையில் ஒரு பெண்ணை அடித்துக்கொண்டு போனது. வரலாறு இங்கே இவ்வளவு போதும். எனக்குப் பிடித்த சங்கதி வேறு.

ஒரு பூரணை இரவில், மட்டக்களப்பு வாவியில் மீன் பாடுமாமே, கேட்டுப் பார்ப்போம் என்று கல்லடிப் பாலத்தருகே தோணியில் இருந்தேன். காற்று விழுந்திருந்தது. தோணிக்காரர் துடுப்பைத் தண்ணீருக்குள் நேராக இறக்கி, "மற்ற நுனியைக் காதில வையுங்கோ தம்பி" என்றார். மரத்தின் ஈரம் கன்னத்தில் பட்டது. முதலில் என் நாடித்துடிப்புத்தான் கேட்டது. பிறகு, வீணைத் தந்தியை விரல்நுனியால் வருடியதுபோல ஒரு மெல்லிய அதிர்வு. 1848இல் பிரித்தானிய அதிகாரி எமர்சன் ரெனன்ற் இங்கே வந்தபோது, பாடுவது ஊரி என்ற சிறு சங்குதான் என்று மீனவர்கள் அவரிடம் சொன்னார்கள். ஊரியோ மீனோ, விவாதம் இன்னும் முடியவில்லை. கேட்கும் முறையில் மட்டும் பிழையே இல்லை. கடலடி எரிமலைகளைக் கண்காணிப்பவர்களும் இதையேதான் செய்கிறார்கள். துடுப்புக்குப் பதில் ஹைட்ரோபோன் என்ற நீரொலி வாங்கி. அதை இறக்கும் இடம் ஆழ்கடல்.

அந்த ஆழத்தில் இயற்கை வெட்டிய ஒரு வாய்க்கால் இருக்கிறது. மேலிருந்து கீழே போகப்போக நீர் குளிர்கிறது, ஒலி மெதுவாகிறது. இன்னும் கீழே அழுத்தம் ஏறுகிறது, ஒலி மறுபடி வேகமெடுக்கிறது. நடுவில், நம் பக்கத்துக் கடல்களில் ஒரு கிலோமீற்றருக்குக் கீழே, ஒலி மிக மெதுவாக ஓடும் படை ஒன்று உண்டு.

படுவான்கரை வயல்பாதையில் நெல் ஏற்றிய மாட்டுவண்டியை நினைத்துக்கொள்ளுங்கள். ஒரு சக்கரம் சேற்றில், மற்றது கட்டாந்தரையில். கட்டாந்தரைச் சக்கரம் முந்த, வண்டி சேற்றுப் பக்கமே திரும்பும். இப்போது பாதையின் இரு ஓரமும் கட்டாந்தரை, நடுவில் சேறு. இடப்புறம் ஏறினால் வலப்புறம் திரும்பும், வலப்புறம் ஏறினால் இடப்புறம். வண்டிக்காரர் கண்ணயர்ந்தாலும் வண்டி பாதையை விட்டு விலகாது. வரப்பில் மோதிக் குலுங்கினால்தானே நெல் சிந்தும்? மோதாததால் மூட்டை அப்படியே வந்து சேரும். அதேபோல ஒலியும் கடலின் மேற்பரப்பிலும் தரையிலும் முட்டாமல், வளைந்து வளைந்து ஆயிரக்கணக்கான கிலோமீற்றர் போகிறது, செக்கனுக்கு ஒன்றரைக் கிலோமீற்றர் வேகத்தில். ஆழ்கடலில் சுனாமி ஓடும் வேகத்தைவிட இது ஏழு மடங்கு.

இந்து சமுத்திரத்தில் இப்படிக் கேட்கும் காதுகள் டியேகோ கார்சியா தீவருகே உண்டு. அணுகுண்டுச் சோதனைகளைப் பிடிப்பதற்காக அமைத்தவை. மும்மூன்றாகச் சேர்த்து வைத்திருப்பதால் ஒலி எந்தத் திசையிலிருந்து வருகிறது என்பதும் தெரியும். 2004 டிசெம்பர் 26இல் சுமாத்திராவில் தொடங்கிய பிளவு வடக்கே அந்தமான் வரை ஏறத்தாழ 1200 கிலோமீற்றர் கிழிந்துகொண்டே போனதை, ஒலியின் திசை நகர்ந்ததை வைத்தே அந்தக் காதுகள் காட்டின. அதை அறிவியலாளர் படித்தறிந்தது பிறகுதான். நமக்கு அன்று ஒரு சொல்லும் வந்து சேரவில்லை.

இதையும் மந்திரம்போல விற்கக் கூடாது. பாரன் தீவின் ஒலியில் பெரும்பகுதியை அந்தமான் தொடர் மறித்துவிடும். வாய்க்கால் அங்கே அறுபடுகிறது. எரிமலை வெடிக்கும் நாளை முன்கூட்டியே குறித்துத் தரும் கருவி எதுவும் இன்று இல்லை. 2018 டிசெம்பர் 22இல் இந்தோனேசியாவின் அனாக் கிரக்கத்தோவா எரிமலையின் ஒரு பக்கம் கடலுக்குள் சரிந்து எழுந்த சுனாமியில் 400க்கும் மேற்பட்டோர் இறந்தனர். எச்சரிக்கை முறை பெரிய நிலநடுக்கத்துக்காகக் காத்திருந்தது. அப்படி ஒன்று வரவே இல்லை. ஆகவே நில அதிர்வுமானி, கடல்மட்டமானி, செய்மதி, நீரொலி வாங்கி எல்லாம் சேர்ந்தே கேட்க வேண்டும். யூடியூப்பில் நாள் குறிப்பவர்களிடம் இவற்றில் ஒன்றுகூட இல்லை.

கல்லடி வாசகிக்கு: கடலுக்கும் வாவிக்கும் இடையில் இருக்கிறீர்கள், உங்கள் கவலை நியாயமானது. கடல் வழமைக்கு மாறாக உள்வாங்கினால் யாருடைய செய்திக்கும் காத்திராமல் உடனே விலகிப் போங்கள். வாட்ஸ்அப்பில் ஏதாவது வந்தால், அடுத்தவருக்கு அனுப்புமுன் அனர்த்த முகாமைத்துவ நிலையத்தின் 117ஐ அழைத்துக் கேளுங்கள்.